20,000 ரூபாயில் வீட்டு ஸ்டுடியோ... முதல்ல வாங்க வேண்டியது மைக் இல்லை பாஸ்!

கிட்டார் வாசிக்கத் தெரியும். ஓரளவு பாடவும் வரும். போனில் எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டால், 'செம மச்சி'ன்னு நாலு பேர் சொல்றாங்க. அடுத்து என்ன தோணும்? 'ஒரு நல்ல மைக் மட்டும் இருந்தா, நாமளும் சொந்தமா ஒரு பாட்டு ரிலீஸ் பண்ணிடலாம்!'

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வேலைக்குச் சேர்ந்த புதுசு. மூணு மாசம் சேர்த்த காசில் ஆன்லைனில் ஒரு கண்டென்சர் மைக் ஆர்டர் பண்ணினேன். பெட்டியைப் பிரித்து, கூடவே வந்த ஒயரை லேப்டாப்பில் சொருகினால், கிணத்துக்குள்ள இருந்து யாரோ முனகுற மாதிரி ஒரு சத்தம். அந்த மைக் ஒழுங்காக வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் வேணும், அது லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் கிடைக்காது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நண்பனிடம் கடன் வாங்கி ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். இப்போ சத்தம் வந்தது. கூடவே ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு குக்கர் விசில், தெருவில் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், பாத்ரூமில் பாடுவது போன்ற எதிரொலி எல்லாமே வந்தது. போனில் எடுத்த பழைய ரெக்கார்டிங்கே இதைவிடத் தேவலாம் போல இருந்தது. நாலு மாசத்தில் அந்த மைக்கைப் பாதி விலைக்கு விற்றேன். கடன் மட்டும் பாக்கி இருந்தது.

மைக் மேல தப்பில்லை. நான் வாங்கின வரிசைதான் தப்பு. கையில் இருக்கிற காசு கொஞ்சம் என்றால், எதை வாங்குகிறோம் என்பதைவிட எதை முதலில் வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். அந்த வரிசையைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

முதல் செலவு: ஜீரோ ரூபாய்

எதையும் ஆர்டர் பண்ணுவதற்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். ஒரே பாட்டை, ஒரே போனில், வீட்டின் மூணு இடங்களில் ரெக்கார்ட் பண்ணுங்க. ஹால், பெட்ரூம், துணி நிறைய இருக்கும் மூலை. மூணு முறையும் போன் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். பிறகு ஹெட்போன் மாட்டிக் கேளுங்க.

ஒரே ஆள், ஒரே கிட்டார், ஒரே போன். ஆனால் மூணும் வேற வேற மாதிரி கேட்கும். அந்த வித்தியாசம் முழுக்க அறையால் வருவது. பத்தாயிரம் ரூபாய் மைக் வாங்கினாலும் அது இதே அறையைத்தான் கேட்கப் போகுது. இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் வீடுகளில் இது பெரிய பிரச்னை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கிரானைட் மேடை, இரும்பு பீரோ என எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கிற பரப்புகள். அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்க. 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் உங்கள் பாட்டிலும் இருக்கும்.

போர்வையை எங்கே தொங்கவிடணும்?

'ஸ்டுடியோ ஃபோம்' என்று ஆன்லைனில் விற்கும் ஒரு இன்ச் பஞ்சுகளை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. அவசரப்படாதீங்க. கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி எழுப்பும் சுரம் ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் நாலு மீட்டருக்கும் மேல். ஒரு இன்ச் ஃபோம் அதை ஒண்ணும் செய்யாது. மேல்ஸ்தாயிச் சத்தத்தை மட்டும் உறிஞ்சிவிட்டு, அடிச்சத்தத்தை அப்படியே விட்டுவிடும். ரெக்கார்டிங் மந்தமாக, பெட்டிக்குள் பாடியது போல ஆகிவிடும்.

முட்டை அட்டையை ஒட்டுவதும் வீண். அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது, உள்ளே எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது. போதாக்குறைக்குத் தீப்பிடிக்கும் ஆபத்து வேற.

இதைவிட நல்ல பொருள் ஏற்கெனவே வீட்டில் இருக்கு. தடித்த ரஜாய், கம்பளி, இலவம்பஞ்சு மெத்தை, ஜமுக்காளம். எங்கே வைக்கணும் என்பதில்தான் சூட்சுமம். பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம் வரும் சத்தத்தை நன்றாகவும், பின்பக்கம் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். நீங்கள் மைக்கைப் பார்த்துப் பாடும்போது, மைக் உங்களைப் பார்க்கிறது. உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. அதனால் போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். துணி காயப்போடும் ஸ்டாண்டை விரித்து, அதன்மேல் இரண்டு ரஜாயை மடித்துப் போட்டு, அதற்கு முன்னால் உட்காருங்க. காலடியில் ஒரு ஜமுக்காளம். சுவரோடு ஒட்டியோ, அறையின் சரி நடுவிலோ உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. போன் டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணிப் பாருங்க. வித்தியாசம் உடனே தெரியும்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆகணும். வேற வழியில்லை. ஒரு டேக் நாலு நிமிஷம்தான், முடிந்ததும் ஃபேனைப் போட்டுக்கலாம். ஃபிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தாலும் அதன் ரீங்காரம் கேட்குதான்னு பாருங்க. ரெக்கார்டிங்குக்கு நல்ல நேரம் இரவு பதினொன்றுக்கு மேல், அல்லது தெரு விழிப்பதற்கு முன். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது எந்த ஃபோமைவிடவும் நல்ல சவுண்ட் ப்ரூஃபிங்!

அடுத்து... புதுக் கம்பி

கிட்டாரில் போன வருஷம் மாட்டின கம்பியே இருக்கா? அப்போ முதல் செலவு அதுதான். நம்ம ஊர் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் கம்பி சீக்கிரம் கறுத்து, சத்தம் செத்துப் போகும். செத்துப்போன கம்பியின் பளபளப்பை எந்த மைக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு நல்ல பாஸ்பர் பிரான்ஸ் செட், ஆயிரக்கணக்கில் செலவழித்து மைக்கை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். ரெக்கார்டிங்குக்கு ஒரு நாள் முன்னாடி மாட்டி, வாசித்து, கம்பியை நிலைபெற விடுங்க. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் ட்யூன் செக் பண்ணுங்க.

'என் கிட்டாரில் பிக்கப் இருக்கே, ஒயரைச் சொருகிடலாமே?' என்று கேட்கலாம். மேடைக்கு அது சரி. ஆனால், குறைந்த விலை கிட்டார்களில் இருக்கும் பீசோ பிக்கப், மரத்தின் சத்தத்தைவிட பிரிட்ஜின் அதிர்வைத்தான் எடுக்கும். ரெக்கார்டிங்கில் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டது போலக் கேட்கும். அவசரத்துக்கு வெச்சுக்கோங்க. பாட்டுக்கு மைக்தான்.

கண்டென்சரா, டைனமிக்கா?

இப்போதான் மைக்குக்கே வர்றோம். இரண்டு ஜாதி இருக்கு.

கண்டென்சர் மைக், நுணுக்கமாகக் கேட்கும் காது. விரலால் மெல்ல மீட்டும் கிட்டாரின் சின்னச் சின்னச் சத்தங்களையும், குரலின் மூச்சையும் எடுக்கும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 இந்த வகையில் பட்ஜெட் ஆட்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் மைக். இதற்கு 48 வோல்ட் 'பேன்டம் பவர்' கட்டாயம். நான் மாட்டிக்கிட்டது இங்கேதான்.

டைனமிக் மைக், முரட்டுப் பிள்ளை. கீழே விழுந்தாலும் சீக்கிரம் உடையாது, பேன்டம் பவர் வேண்டாம். ஷுர் எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் 1960-களிலிருந்து இன்றுவரை விற்பனையில் இருப்பவை. மேடைக் கச்சேரிகளில் நீங்கள் பார்க்கும் அந்த வலைப்பந்துத் தலை மைக் எஸ்எம்58.

'டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது' என்று பலரும் சொல்வார்கள். இது பாதி உண்மை. டைனமிக் மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுகிறோம். அருகில் இருப்பதால் குரல் பெரிதாகவும், அறை சின்னதாகவும் பதிவாகிறது. அதே மைக்கை இரண்டடி தள்ளி வைத்தால் அதுவும் அறையைக் கேட்கத்தான் செய்யும். இன்னொரு விஷயம், ஏடி2020-ஐ ஒப்பிடும்போது எஸ்எம்57 தரும் சிக்னல் கிட்டத்தட்ட 19 டெசிபல் குறைவு. அதனால் மெல்லிய விரல் மீட்டலை அதில் பதிய, இன்டர்ஃபேஸில் கெயினை நன்றாக ஏற்ற வேண்டியிருக்கும். விலை குறைந்த இன்டர்ஃபேஸ் என்றால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

சரி, எதை வாங்குறது? அறையை ஓரளவு அமைதியாக்க முடிகிறது, மெல்லிய மீட்டல்தான் உங்கள் ஸ்டைல் என்றால் கண்டென்சர். மெயின் ரோட்டு வீடு, பலமாக ஸ்ட்ரம் பண்ணி, குரலெடுத்துப் பாடுவீர்கள் என்றால் டைனமிக். இரண்டையும் வாங்க வேண்டாம். கிட்டாரை முதலில் பதிந்து, குரலை அதன்மேல் பிறகு பதிந்தால் ஒரே மைக் போதும். உங்கள் பட்ஜெட்டைப் பாதியாக்கும் முடிவு இதுதான்.

பெட்ரூமில் பிறந்த ஆல்பம்

'இவ்வளவு சின்ன செட்டப்பில் என்ன பெருசா பண்ணிட முடியும்?' என்று தோன்றுகிறதா? 1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் தன் வாடகை வீட்டு பெட்ரூமில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் உட்கார்ந்தார். கையில் அக்கவுஸ்டிக் கிட்டார், மவுத் ஆர்கன். எதிரே இரண்டு எஸ்எம்57 மைக், கேசட்டில் நாலு ட்ராக் மட்டும் பதியும் டியாக் கம்பெனியின் போர்ட்டா ஸ்டுடியோ. இசைக்குழுவுக்குப் போட்டுக் காட்ட எடுத்த சாம்பிள்தான் அது. பிறகு பெரிய ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்த கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே ஆண்டு வெளியானது.

இன்று உங்கள் போனிலேயே நாலு ட்ராக்குக்கு மேல் பதியும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. கருவியில் நாம் அவரைவிட வசதியாகத்தான் இருக்கிறோம்.

இன்டர்ஃபேஸ்: ஓட்டையை எண்ணிப் பார்த்து வாங்குங்க

மைக்கின் சிக்னலை டிஜிட்டலாக்கி, யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கோ போனுக்கோ அனுப்பும் சின்னப் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். இதில் மூணு விஷயம் பார்த்தால் போதும்.

ஒண்ணு, 48 வோல்ட் பட்டன். கண்டென்சர் வாங்கினால் இது இல்லாமல் நகராதீங்க. எக்ஸ்எல்ஆரிலிருந்து நேரடியாக யுஎஸ்பி ஆகும் மலிவு ஒயர்களில் பொதுவாக இது இருக்காது.

ரெண்டு, எத்தனை மைக் மாட்டலாம் என்பது. பெட்டியில் 'இரண்டு இன்புட்' என்று போட்டிருந்தாலும் இரண்டு மைக் மாட்டலாம் என்று அர்த்தமில்லை. பெரிங்கர் யுஎம்சி22, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இரண்டிலும் ஒரே ஒரு மைக்தான் மாட்ட முடியும். இன்னொரு ஓட்டை கிட்டார் ஒயருக்கு. பாடிக்கொண்டே வாசிப்பதை இரண்டு மைக்கில் பதியணும் என்றால் யுஎம்சி202எச்டி, ஸ்கார்லெட் 2ஐ2 போன்றவை வேண்டும்.

மூணு, 'டைரக்ட் மானிட்டர்' வசதி. குரல் லேப்டாப்புக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு சின்னத் தாமதம் ஆகும். உங்கள் குரலே உங்களுக்குப் பின்னால் ஓடி வருவது போல இருக்கும். இந்தப் பட்டன் இருந்தால், மைக் சத்தம் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும்.

லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான் என்றாலும் கவலை வேண்டாம். ஓடிஜி ஒயர் வழியாகப் பல இன்டர்ஃபேஸ்கள் ஆண்ட்ராய்டில் வேலை செய்யும். போனால் தேவையான கரன்ட் தர முடியவில்லை என்றால், தனி சார்ஜருடன் இயங்கும் யுஎஸ்பி ஹப் ஒன்று நடுவில் தேவைப்படலாம். வாங்கும் முன் உங்கள் போனில் மாட்டிப் பார்ப்பது நல்லது. சென்னை அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற இசைக்கருவிக் கடைகளுக்கு நேரில் போய்க் கேட்டால், பெட்டி மேல் எழுதியிராத விஷயங்களும் தெரியவரும்.

யுஎஸ்பி மைக் என்றால் இன்டர்ஃபேஸே வேண்டாம். மைக்கும் பெட்டியும் ஒன்றாகவே வரும். பாட்காஸ்ட்டுக்கு ஓகே. ஆனால், பிறகு மைக்கை மட்டும் மாற்றவோ, இன்னொரு மைக் சேர்க்கவோ சுலபமாக முடியாது.

ஹெட்போன்: ப்ளூடூத்துக்கு டாட்டா

காதில் இருக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸைக் கழற்றி வையுங்க. அதில் சத்தம் பொதுவாக 100 மில்லி செகண்டுக்கும் மேல் தாமதமாக வரும். தாளத்தோடு பாடவே முடியாது. ஒயர் உள்ள, காதை முழுசாக மூடும் ஹெட்போன் வேணும். பின்புறம் திறந்த வகை என்றால் அதில் ஓடும் கிட்டார் சத்தம் கசிந்து குரல் மைக்கில் ஏறிவிடும். ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் போன்ற ஆரம்ப நிலை மூடிய ஹெட்போன் தாராளமாகப் போதும்.

பாஸ் அதிர்கிற ஃபேஷன் ஹெட்போனும் வேண்டாம். அது பொய் சொல்லும். அதைக் கேட்டு மிக்ஸ் பண்ணினால், மற்றவர் போனில் உங்கள் பாட்டு சப்பென்று இருக்கும்.

கணக்கு போடலாமா?

விலை நாளுக்கு நாள், கடைக்குக் கடை மாறும். இது ஒரு தோராயக் கணக்குதான்.

* இன்டர்ஃபேஸ்: 5,000 - 6,000 ரூபாய்
* மைக்: 8,000 - 9,000 ரூபாய்
* ஹெட்போன்: 4,000 - 4,500 ரூபாய்
* மைக் ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் ஒயர், பாப் ஃபில்டர்: சேர்த்து 2,000 ரூபாய்

ஆகமொத்தம் 20,000 ரூபாய்க்கு அக்கம்பக்கம். இவ்வளவு இல்லையா? மைக்கையும் இன்டர்ஃபேஸையும் செகண்ட் ஹேண்டில் பாருங்க. டைனமிக் மைக்குகள் பல வருஷம் உழைக்கும். ஆனால் எஸ்எம்57, 58 இரண்டுக்கும் போலிகள் அதிகம். பில் இல்லாமல், ரொம்ப சல்லிசாக வந்தால் உஷார். பாப் ஃபில்டருக்குப் பதில், எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டினாலும் 'ப', 'ப்ப' காற்று அடங்கும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். போனில் பேண்ட்லேப், ஐபோன், மேக்கில் கராஜ்பேண்ட், கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி எல்லாமே இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். திருட்டு சாஃப்ட்வேர் இறக்கி, லேப்டாப்பில் வைரஸ் வளர்க்காதீங்க.

ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்

கிட்டாருக்கு மைக் வைக்கும்போது, எல்லோரும் செய்யும் தப்பு அந்த வட்ட ஓட்டைக்கு நேராக வைப்பது. அங்கிருந்து வருவது 'பூம் பூம்' என்ற அடிச்சத்தம். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில், 12-வது ஃப்ரெட்டுக்கு நேராக, ஏறக்குறைய ஓரடி தள்ளி வையுங்க. அங்கிருந்து இரண்டு இன்ச் இப்படி, இரண்டு இன்ச் அப்படி நகர்த்திக் கேளுங்க. ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் திருகிக் கிடைக்காத சத்தம் இதில் கிடைக்கும்.

குரலுக்கு ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர். உச்சஸ்தாயி வரும் இடத்தில் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்க.

செட்டிங்கில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்க. வீடியோவுக்கும் அதுதான் வழக்கம். கெயினை எவ்வளவு ஏற்றலாம்? பாட்டில் அதிகபட்சச் சத்தமாக வரும் இடத்தைப் பாடிக்கொண்டே மீட்டரைப் பாருங்க. மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நின்றால் சரி. சிவப்பைத் தொட்டால் அந்த உடைந்த சத்தத்தை முழுசாகச் சரிசெய்ய முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கிட்டாரைத் தனியாகப் பதியும்போது மெட்ரோனோமை ஹெட்போனில் ஓட விடுங்க. மனசுக்குள் பாடிக்கொண்டே வாசிங்க. இல்லையென்றால் சரணத்தில் வேகம் கூடி, குரல் பதியும்போது மூச்சு வாங்கும்.

ஒருவேளை பிரித்துப் பதிந்தால் பாட்டின் உயிர் போகிறது என்று தோன்றினால், ஒரே கண்டென்சரை ஒன்றரை அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாடிக்கொண்டே வாசிங்க. குரல் குறைவாகக் கேட்டால் மைக்கைக் கொஞ்சம் மேலே, கிட்டார் குறைவாகக் கேட்டால் கொஞ்சம் கீழே. அவ்வளவுதான் மிக்ஸிங்!

கடைசியா ஒண்ணு

என் இரண்டாவது மைக்கை நான் உடனே வாங்கவில்லை. கடனை அடைத்தேன். போனிலேயே பத்துப் பாட்டு பதிந்தேன். எந்த அறை, எந்த மூலை, எந்த நேரம் என்று தெரிந்தது. என் மீட்டலில் தாளம் எங்கே தடுமாறுது என்பதும் தெரிந்தது. பதினோராவது பாட்டுக்குத்தான் மைக் வாங்கினேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கு.

அதனால், ஷாப்பிங் ஆப்பில் ஏற்கெனவே கார்ட்டில் போட்டு வைத்திருப்பது அப்படியே இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு, முதுகுக்குப் பின்னால் ரெண்டு ரஜாயைத் தொங்கவிட்டு, போனில் ஒரு பாட்டு பதிந்து பாருங்க. அதைக் கேட்ட பிறகும் 'மைக்தான் குறை' என்று தோன்றினால், தாராளமா ஆர்டர் பண்ணுங்க!